இறந்தார்க்கு இட்ட படையல்

சேலத்திலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப் பாதையில் பாலக்கோட்டைக் கடந்தவுடன் நிலத்தின் தோற்றம் மாறத் தொடங்குகிறது. இருமருங்கும் பாறைக் குன்றுகள் எழுகின்றன. இடையிடையே கொள்ளும் கேழ்வரகும் விளையும் செம்மண் புலங்கள் விரிகின்றன. இந்நிலத்தின் நடுவே அமைந்த ஊர் மாரண்டஹள்ளி. அதற்கு அணித்தே, பஞ்சப்பள்ளியில், சின்னாற்றின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டுள்ளது. சின்னாறு மலைகளின் இடையே வளைந்து சென்று ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கின்றது. காட்டில் விலங்கும் ஆற்றில் மீனும் கிடைக்கும் இத்தகைய நிலத்தை நாடியே பண்டை மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டுவதில்லை.

2004-ஆம் ஆண்டு வரையில் தருமபுரியும் கிருட்டினகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தன. இவ்விரு பகுதிகளின் குன்றுகளிலும் சரிவுகளிலும் நடந்து செல்வோர், பெருங்கற்களை வட்டமாக நிறுத்திய கல்வட்டங்களையும், பலகைக் கற்களை நான்கு புறமும் நட்டு மேலே ஒரு கல்லை மூடியாக இட்ட கல்திட்டைகளையும் காணலாம். சூளகிரிக்கு அருகிலுள்ள மல்லச்சந்திரம் குன்றில் இத்தகைய திட்டைகள் ஒரு சிற்றூர் போலக் கூட்டமாக நிற்கின்றன. தமிழகத்தில் பல இடங்களில் மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் வழங்குவர். ஆனால் இவை உயிரோடிருந்தவர் குடியிருந்த வீடுகள் அல்ல. இறந்தார்க்கு எடுத்த இல்லங்கள். இவற்றை முறையாக அகழ்ந்து பார்த்தபோது எலும்புத் துண்டுகளோடு கலங்களும், மணிகளும், இரும்புக் கருவிகளும் கிடைத்தன.

இங்கே ஒரு வினா எழுகிறது. மட்கலம் செய்வது எளிதன்று. இரும்பை உருக்குவது அதனினும் அரிது. வாழ்க்கைக்கு இன்றியமையாத இப்பொருள்களை, மீண்டும் எடுத்துப் பயன்கொள்ள இயலாதபடி மண்ணுக்குள் இட்டு மூடியது ஏன்? வறுமையிலும் பசியிலும் உழன்ற மக்கள், இனி உண்ண மாட்டாதவனுக்கு உணவு வைத்ததும், இனி வேட்டையாட மாட்டாதவனுக்கு அம்பு வைத்ததும் எதனால்? இவ்வினாவையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

பெருங்கற்களை எடுத்தவர்கள் இரும்பறிந்த மக்கள். ஆயினும் இறந்தார்க்குப் பொருள் வைக்கும் வழக்கம் அவர்களோடு தொடங்கியதன்று. ஏரும் கலமும் இரும்பும் தோன்றுவதற்கு முன்னரே, வேட்டையாடியும் மீன்பிடித்தும் உயிர் வாழ்ந்த மக்களிடையே அது வேரூன்றியிருந்தது. அம்மக்களின் காலத்தை அறிஞர் இடைக்கற்காலம் என்பர். நுண்கற்கருவிகள் எனப்படும் விரல்நுனி அளவிலான கல் அலகுகளை மரத்திலும் எலும்பிலும் பொருத்தி அவர்கள் அம்பும் ஈட்டியும் செய்தார்கள். நம் நாட்டின் தென்கோடியில், திருநெல்வேலிக் கடற்கரையை ஒட்டிய சிவந்த தேரிகளில் இத்தகைய கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. சாய்னர், ஆல்ச்சின் என்னும் இரு அறிஞர் 1956-ஆம் ஆண்டில் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினர். ஆயினும் தேரி மணல் அம்மக்களின் கருவிகளை நமக்குத் தந்ததேயன்றி, அவர்களுடைய புதைகுழிகளைத் தரவில்லை. ஆகவே வேட்டுவரும் மீனவருமாகிய அம்முதுமக்கள் தம்முள் இறந்தாரை எவ்வாறு வழியனுப்பினர் என்பதைக் கண்ணாரக் காண, நாம் வடக்கே கங்கைச் சமவெளிக்குச் செல்லவேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் பிரதாப்கர் மாவட்டம் உள்ளது. பழங்காலத்தில் ஆறுகள் தம் போக்கை மாற்றிக்கொண்டபோது, கைவிடப்பட்ட வளைவுகள் குதிரை லாட வடிவில் ஏரிகளாகத் தேங்கின. அந்த ஏரிக்கரைகளில் சராய் நாகர் ராய், மகதகா, தம்தமா என்னும் மூன்று இடங்களை அலகாபாத் பல்கலைக்கழக அறிஞர்கள் அகழ்ந்தனர். முதலாவது இடத்தை 1970-களின் தொடக்கத்தில் ஜி. ஆர். சர்மா அவர்கள் ஆராய்ந்தார். மகதகா 1978-ஆம் ஆண்டில் கால்வாய் வெட்டும் பணியின்போது வெளிப்பட்டது. தம்தமாவின் அகழாய்வு 1980-களில் நிகழ்ந்தது. அங்கு மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட புதைகுழிகள் காணப்பட்டன. இவ்விடங்களின் காலத்தைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இங்கு வாழ்ந்தோர் வேட்டையாலும் மீன்பிடித்தலாலும் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. மான், காட்டுப்பன்றி முதலிய விலங்குகளின் எலும்புகளோடு மீன், ஆமை, நீர்ப்பறவை ஆகியவற்றின் எலும்புகளும் அவர்களுடைய அடுப்புகளின் அருகே குவிந்து கிடந்தன.

இவர்கள் இறந்தாரைத் தொலைவில் கொண்டு போகவில்லை. தாம் குடியிருந்த இடத்திலேயே, அடுப்புகளின் அண்மையிலேயே புதைத்தார்கள். ஆழமில்லாத நீள்குழி ஒன்றைத் தோண்டி, அதன் அடியில் மென்மையான தளர்ந்த மண்ணைப் பரப்பினார்கள். அம்மண்ணின்மேல் உடலை மல்லாந்த நிலையில் கிடத்தினார்கள். உறங்கும் குழந்தைக்குத் தாய் துணி விரிப்பது போன்றதோர் செயல் இது. இனி எதையும் உணராத உடலுக்கு மெத்தை எதற்கு? ஆயினும் விரித்தார்கள். படையலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்த ஒரு பிடி மண்ணே முதற்பாடம் எனலாம்.

சில குழிகளில் நுண்கற்கருவிகளும் கிளிஞ்சல்களும் கிடைத்தன. மகதகாவில் எலும்பாலான அம்பு முனைகளும், மான்கொம்பைத் தேய்த்துச் செய்த காதணிகளும், கழுத்து மாலைகளும் எலும்புக்கூடுகளோடு காணப்பட்டன. விலங்கெலும்புகள் காணப்பட்ட குழிகளும் உண்டு. அவை இறந்தார்க்குப் படைத்த இறைச்சியின் எச்சம் என்று அறிஞர் கருதுவர். எல்லாக் குழிகளிலும் பொருள்கள் இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. பலர் வெறுங்கையோடுதான் சென்றார்கள்.

இப்பொருள்களை இன்றைய கண்ணால் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். ஒரு மான்கொம்புக் காதணி எவ்வளவு பெறும்? ஆனால் உலோகம் அறியாத ஒருவன் கல் அலகு ஒன்றையே துணையாகக் கொண்டு கொம்பை அறுத்து, வட்டமாகத் தேய்த்து, வழவழப்பாக்க எத்தனை நாள் உழைத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இறைச்சியும் அவ்வாறே. சேமித்து வைக்கக் களஞ்சியமோ மந்தையோ இல்லாத மக்களுக்கு இன்று கிடைத்த இறைச்சி இன்றைய உயிர். அதில் ஒரு பங்கைக் குழியில் இட்டவன் தன் பசியிலிருந்து ஒரு பங்கை எடுத்து இட்டான். ஆகவே படையலின் மதிப்பை அதன் விலையால் அளத்தல் தவறு. கொடுத்தவன் எதை இழந்தான் என்பதாலேயே அதை அளக்க வேண்டும்.

இவ்வுணர்ச்சி இந்நாட்டு மக்களுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வடபகுதியிலுள்ள டென்மார்க் நாட்டில், வேட்பெக் என்னும் ஊரின் அருகே, 1975-ஆம் ஆண்டில் ஒரு பழைய இடுகாடு கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கடற்கரையில் மீன்பிடித்தும் மான் வேட்டையாடியும் வாழ்ந்த மக்களின் இடுகாடு அது. அங்கே ஒரு குழியில் இளம்பெண் ஒருத்தியும் அவள் பக்கத்தில் அப்போதுதான் பிறந்த மகவும் கிடந்தனர். பேறுகாலத்திலேயே இருவரும் மாண்டிருக்கலாம். தாயின் அருகே மான்பற்களைக் கோத்த அணிகள் இருந்தன. மகவு ஓர் அன்னப் பறவையின் சிறகின்மேல் கிடத்தப்பட்டிருந்தது. அதன் இடுப்பருகே கல்லாலான ஒரு கத்தி அலகு இருந்தது. ஒரு நாளேனும் நடக்காத குழந்தைக்குக் கத்தி! வளர்ந்து ஆளாகியிருந்தால் ஏந்தியிருக்க வேண்டிய கருவியை, வளரும் முன்னரே கையளித்துவிட்டார்கள். கங்கைக் கரையின் மண்மெத்தையும் டென்மார்க்கின் அன்னச் சிறகும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டும் ஒரே நெஞ்சத்தின் மொழியைப் பேசுகின்றன.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்று விழிப்பாக இருத்தல் வேண்டும். குழியில் ஒரு பொருள் கிடைத்தவுடன், இவர்கள் மறுமையில் நம்பிக்கை உடையவர்கள் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முடிந்த முடிபாகாது. இறந்தவன் செல்லும் வழிக்குத் துணையாக ஒரு பொருளை வைத்திருக்கலாம். இறந்தவனுடைய பொருளை இருப்பவர் தொடலாகாது என்னும் அச்சத்தால் அவனோடு போட்டிருக்கலாம். அவன் இன்னான், இத்தகைய சிறப்புடையவன் என்பதைச் சுற்றி நின்ற சுற்றத்தார்க்குக் காட்ட வைத்திருக்கலாம். பிரிவாற்றாத அன்பே காரணமாக இருத்தலும் கூடும். ஏன், மண்ணை வாரி மூடும்போது பக்கத்து அடுப்பின் எலும்புத் துண்டு தற்செயலாகக் குழியில் விழுந்திருக்கவும் கூடும்! எழுத்தறியாத மக்களின் உள்ளத்தை நாம் நேரே படிக்க இயலாது.

அங்ஙனமாயின் உண்மையை அறிய வழியே இல்லையா? உண்டு. அவ்வழி பொருளில் மட்டும் இல்லை. பொருள் கிடந்த இடத்தில் இருக்கிறது. காதருகே கிடந்த வளையம் காதணி. மார்பின்மேல் வரிசையாகக் கிடந்த மணிகள் மாலை. உடலுக்கு வெளியே தனியே ஒழுங்காக வைத்த கலம் படையல். நிரப்பிய மண்ணில் சிதறிக் கிடந்த எலும்பு குப்பையாகவும் இருக்கலாம். எலும்பினுள் தைத்துக் கிடந்த அம்பு முனை படையலே அன்று. அது அவனைக் கொன்ற படை. சராய் நாகர் ராயில் அவ்வாறு தைத்த முனைகளும் கண்டறியப்பட்டன. ஒரே அம்பு முனை ஓரிடத்தில் அன்பைக் கூறும். நான்கு விரற்கடை தள்ளிக் கிடந்தால் பகையைக் கூறும். அகழாய்வாளர் தூரிகையும் அளவுகோலும் கொண்டு விரற்கடை விரற்கடையாக மண்ணை நீக்குவது இதன் பொருட்டே.

இனி, வேட்டை வாழ்க்கை மாறத் தொடங்கிய காலத்தைக் காண்போம். இராசத்தானத்தில் கோத்தாரி ஆற்றங்கரையில் பாகோர் என்னும் ஊர் உள்ளது. வி. என். மிசுரா அவர்கள் 1967 முதல் 1970 வரை அங்கே அகழாய்வு நடத்தினார். அடுக்கடுக்காக அமைந்த மண் படிவுகளுள் கீழ்ப்படிவில் நுண்கற்கருவி மக்களின் எளிய புதைகுழி காணப்பட்டது. அதற்கு மேற்பட்ட படிவிலோ மட்கலங்களும், செப்பு அம்பு முனைகளும், மணிகளும், இறைச்சிப் படையலின் எலும்புகளும் குழிகளில் தோன்றுகின்றன. மக்கள் தம் பழைய கற்கருவிகளைக் கைவிடவில்லை. ஆனால் புதிதாகக் கிடைத்த செம்பை இறந்தார்க்கும் பங்கிட்டார்கள். அருமையாக வந்த பொருளை முதலில் தமக்கென்று பதுக்காமல் குழியிலும் வைத்தார்கள் என்பது நினைக்கத்தக்கது.

இந்த நூலைப் பற்றிக்கொண்டு மீண்டும் நம் தமிழகத்துக்கு வருவோம். மாரண்டஹள்ளியைப் போலவே குன்று சூழ்ந்தது கிருட்டினகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. பாறை ஓவியங்களும், புதிய கற்காலத்துக் கற்கோடரிகளும், பெருங்கற்கால ஈமச் சின்னங்களும் ஒருங்கே காணப்படும் இடம் அது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021-ஆம் ஆண்டில் அங்கே அகழ்ந்தபோது, ஈமச் சின்னம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு வாள் ஒன்று வெளிப்பட்டது. அவ்வூரின் வாழ்விடப் பகுதியில் இரும்போடு கிடைத்த கரியைக் கணித்ததில் கி.மு. 2172 என்னும் காலம் பெறப்பட்டதை 2022-ஆம் ஆண்டில் அரசு வெளியிட்டது. தாதுவைத் தேடி, கரி சுட்டு, துருத்தி ஊதி, உருக்கி, அடித்து உருவாக்கிய வாளை மண்ணுக்குக் கொடுத்தவர்கள், அன்று கங்கைக் கரையில் மான்கொம்புக் காதணியைக் கொடுத்தவர்களின் உள்ளம் உடையவர்களே.

தெற்கே பொருநை ஆற்றங்கரையில் படையலின் வகை வேறு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதுமக்கள் தாழிகளை அகழ்ந்தபோது, பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. கலங்களில் தானிய உமியும் காணப்பட்டது. அதன் அருகிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல், கி.மு. 1155 ஆண்டைச் சேர்ந்தது என்று 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் கா. இராசன் அவர்கள் நடத்திய அகழாய்வில், ஈமச் சின்னம் ஒன்றில் வைத்த கலத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. வேட்டுவன் இறைச்சியை வைத்தான். உழவன் நெல்லை வைத்தான். வாழ்க்கை மாற மாறப் படையலும் மாறியது. ஆனால் எந்தக் காலத்திலும் எது தன்னை வாழவைத்ததோ அதையே மனிதன் இறந்தார்க்கு இட்டான்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதும், அதனை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி என்பதும் மாணவர்கள் அறிந்தவை. அவன் மாண்டபின் அவனுக்கு நடுகல் எடுத்து, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் படைத்தார்கள். அதனைக் கண்ட ஔவையார், நாடே கொடுத்தாலும் கொள்ளாத பெருந்தகை இச்சிறு படையலை ஏற்பானோ என்று மனம் நைந்து பாடிய செய்யுள் புறநானூற்றில் உள்ளது. நோக்குங்கள்! படையல் இறந்தவனைச் சென்றடையுமா என்னும் ஐயம் நமக்குப் புதிதாகத் தோன்றியதன்று. இம்மண்ணின் புலவர் ஒருவர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைக் கேட்டுவிட்டார். கேட்டும், படையல் நிற்கவில்லை. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பிற்காலத்தே எழுந்த நடுகற்கள் பலவற்றில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் காலடியில் ஒரு கெண்டியும் ஒரு சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும். கலத்தில் வைத்த கள் வற்றிவிடும் என்று அஞ்சினார்களோ என்னவோ, வற்றாத கலத்தைக் கல்லிலேயே வடித்துவிட்டார்கள்.

படையல் இறந்தவனுக்கு உணவாயிற்றா என்பதை வரலாறு கூறவில்லை, கூறவும் இயலாது. ஆனால் அது இருப்பவர்க்கு என்னவாயிற்று என்பதைக் கூறுகிறது. இன்றும் நம் இல்லங்களில் இறந்தார்க்கு வாய்க்கரிசி இடும்போது, அவ்வரிசி அவர் பசியைத் தீர்க்கும் என்று எண்ணியா இடுகின்றோம்? இட்டாலன்றி நம் மனம் ஆறுவதில்லை, அதனால் இடுகின்றோம். உறவு முடியவில்லை என்று கூறச் சொல் போதாதபோது மனிதன் பொருளைக் கொண்டு பேசுகிறான். குழிகளில் கிடக்கும் மணியும் அம்பும் நெல்லும் அவ்வாறு பேசிய பேச்சே.

அப்பேச்சை அழிப்பவர்களும் உளர். கல் உடைக்கும் தொழிலுக்காகக் கல்வட்டங்கள் பெயர்க்கப்படுகின்றன. நிலம் சமன் செய்யும்போது தாழிகள் நொறுங்குகின்றன. புதையல் இருக்கும் என்னும் பேராசையால் சிலர் இரவில் கல்திட்டைகளைக் கிளறுகின்றனர். அவர்கள் தேடும் பொன் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இருப்பது உடைந்த கலமும் துருவேறிய இரும்பும். அவற்றை வீசி எறிந்துவிட்டுப் போகின்றனர். அறிவை விரும்பிச் செய்பவரும் இப்பிழையினின்று முற்றும் தப்பவில்லை. 1876-ஆம் ஆண்டில் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய யாகோர் என்னும் செருமானியர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பொருள் எங்கிருந்தாலும் பொருளே என்று கூறுவர் சிலர். அது பொருந்தாது. அன்னச் சிறகின் நொய்ய எலும்புகளை வேட்பெக்கில் யாரேனும் முன்னரே கிளறியிருந்தால், நமக்குச் சில பறவையெலும்புகள் கிடைத்திருக்கும். அந்தத் தாயும் மகவும் கிடைத்திருக்க மாட்டார்கள். இடம் பெயர்ந்த படையல் வெறும் பண்டமாகிவிடுகிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர்ப்புறத்து மேட்டு நிலத்தில் வட்டமாகக் கற்கள் கிடப்பதைக் கண்டால், ஆவல் மிகுதியால் தோண்டிப் பார்க்காதீர்கள். எத்தனை கற்கள், எவ்வளவு அகலம், எத்திசையில் எந்தக் குன்று என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்க்கும் முதியவரிடம் அவ்விடத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பின்னர் உங்கள் ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். தருமபுரி அருங்காட்சியகத்துக்குச் சென்று நடுகற்களைப் பாருங்கள்; வீரனின் வாளை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், காலடியிலுள்ள அச்சிறு கெண்டியையும் தேடிப் பாருங்கள்.

மாரண்டஹள்ளிக் குன்றுகளின்மேல் மாலை வெயில் சாயும்போது, சின்னாற்றில் வலைவீசியவனும் காட்டில் வில் வளைத்தவனும் எத்தனையோ தலைமுறையாக வாழ்ந்து மறைந்த நிலம் இது என்னும் எண்ணம் எழும். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம்; அவர்கள் பேசிய சொற்களும் காற்றோடு போயின. தமக்கு வேண்டியதைத் தாமே வைத்துக்கொள்ளாமல், தம்மை விட்டுப் பிரிந்தவர்க்குக் கொடுத்தார்கள் என்னும் ஒன்று மட்டும் மண்ணுக்குள் நிலைத்து நிற்கிறது. கைம்மாறு செய்ய மாட்டாதவர்க்குக் கொடுத்த கொடை அது. அதைக் கலையாமல் காப்பது, அவர்கள் மண்ணில் இன்று வாழும் நாம் அவர்களுக்கு இடக்கூடிய படையலாகும்.